உயிர் எப்போது தொடங்குகிறது?

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)





கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "மிஸ், இதுக்கு இப்ப உசிரு வந்திருக்குமா?"

சூல்முட்டையும் உயிருள்ளது, விந்தும் உயிருள்ளது என்று உயிரியல் பாடத்தில் படித்தோம். கருக்கட்டலின்போது 46 நிறமூர்த்தங்களுடன் புதிய கலமொன்று உண்டாகிறது. அது கருப்பையில் பதிய ஒரு கிழமையளவு செல்லும். ஏறக்குறைய 14ஆம் நாள் வரை அது இரட்டையராகப் பிரியவும் இடமுண்டு. ஒன்றா இரண்டா என்றே முடிவாகாததை ஓர் ஆள் என்பது எப்படி என்று சிலர் கேட்பது அதனால்தான். நுணுக்குக்காட்டி கலத்தைக் காட்டும். அது மனிதராகும் கணத்தைக் காட்டாது.

ரூஹ் ஊதப்படுவது 120 நாளில் என்பது ஹதீஸை ஒட்டிய பரவலான கருத்து. 40 நாள் என்று கொண்ட அறிஞர்களும் உண்டு. இங்கே ஒரு கணக்குப் பிசகு நடக்கிறது. கிளினிக் அட்டை கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறது. கரு தங்குவதோ அதற்கு இரண்டு கிழமையளவு பின். ஆகவே 120 நாள் என்பது அட்டையில் ஏறத்தாழ 19 கிழமை. தலைப்பிள்ளை துடிப்பதை உம்மா உணர்வதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் அந்தத் துடிப்பைக் கணக்கில் எடுத்தது. கருவைக் கலைத்தால் 3 வருடம் வரை சிறை. பிள்ளை அசையத் தொடங்கியபின் என்றால் 7 வருடம் வரை. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்கு. அதைத் தளர்த்த 1995இலும் 2017இலும் எடுத்த முயற்சிகள் நிறைவேறவில்லை.

120 நாளுக்கு முன் எதுவும் செய்யலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கரு தங்கியதிலிருந்தே அதை அழிப்பது குற்றம், வளர வளர அது பெருகும் என்றே இமாம் கஸ்ஸாலி எழுதினார்.

எனக்கு மனம் நோவது வேறொன்றுக்கு. மூன்றாம் மாதத்தில் பிள்ளை தவறியவளிடம், "அதுக்கு ரூஹ் வரல்லையே, ஏன் அழுற?" என்கிறார்கள். ரூஹுடைய கணக்கு மார்க்கச் சட்டத்துக்கு வந்தது, அவளுடைய அழுகையை அளக்க அல்ல. ஷாபிஈ மத்ஹபில், நான்கு மாதம் நிறைந்து உயிரின்றிப் பிறந்ததைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவார்கள். ஜனாஸாத் தொழுகை இல்லை. அதற்கு முந்தியதையும் துணியில் சுற்றி அடக்குவது நல்லது. கொரோனா காலத்தில், 2021இல், நாடெங்குமிருந்து வந்த ஜனாஸாக்களுக்கு மஜ்மா நகரில் இடம் கொடுத்த ஊர் இது. மண்ணின் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் அப்படியொன்று நேர்ந்தால், ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் வாட்டில் உள்ள தாதியிடம் அதைக் கேளுங்கள். கேட்க வெட்கப்படும் பெண்ணுக்காக, கூட நிற்கும் நீங்கள் கேளுங்கள்.