"பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க": லாக் வீடியோவும் மாநிற முகமும்

இன்னைக்கு கலர் கிரேடிங். நான் சென்னையில கல்யாண வீடியோ, குறும்படம், அப்பப்ப விளம்பரம்னு கிரேட் பண்றவன். என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, லாக்ல ஷூட் பண்ணிட்டேன், சினிமா மாதிரி வரணும், எந்த லட் போடட்டும்?" லட்னா, இந்த நிறம் வந்தா அந்த நிறமா மாத்துன்னு எழுதிவெச்ச ஒரு அட்டவணை, அவ்வளவுதான். அதோட பேரைச் சொல்லி ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா சினிமா மாதிரி தெரியுறதும் தெரியாததும் அதுல முடிவாகறதில்ல. முகத்துல முடிவாகுது.

முதல்ல, லாக் ஏன் இப்படிச் சாம்பலா, வெளிறிப்போய் இருக்கு? ஒவ்வொரு ஸ்டாப் ஏறும்போதும் வெளிச்சம் இரட்டிப்பாகுது. அதை அப்படியே எண்களா எழுதினா, உச்சியில இருக்குற ஒரே ஒரு ஸ்டாப் மொத்த இடத்துல பாதியைச் சாப்பிட்டுடும். நிழலுக்கு மிச்சம் மீதிதான். லாக் அந்த இடத்தை ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஏறக்குறைய சமமா பங்கு போடுது. முதல் பந்தியே பாயசத்தை முடிச்சிடாம பார்த்துக்குற ஆள் மாதிரி. இந்த யோசனை ஒண்ணும் புதுசில்ல. 1990களின் தொடக்கத்துல கோடாக் கொண்டுவந்த சினியான் முறை, ஃபிலிம் நெகட்டிவை ஸ்கேன் பண்ணி வைக்க இதைத்தான் செஞ்சது. சோனியோட எஸ்-லாக்3 அந்த சினியான் வளைவை ஒட்டித்தான் இருக்கு. 2023-ல ஐஃபோன் 15 ப்ரோவோட ஆப்பிள் லாக் வந்து இப்ப பாக்கெட்டுக்குள்ளயே லாக் இருக்கு.

எஸ்-லாக்3-ல ஒரு சாதாரண நடுச் சாம்பல் 41 சதவீதத்துல உட்காரும். வெள்ளைத்தாள் 61-ல. அதாவது நம்ம கண்ணு முன்னாடி இருக்குற சாதாரண உலகம் முழுக்க 61-க்குக் கீழ நெருக்கியடிச்சு நிக்குது. மேல இருக்குற இடம் விளக்கு, சூரியன், நகையோட மினுக்கு இதுக்கெல்லாம் ஒதுக்கினது. அதனால லாக் சப்புன்னு இருக்குன்னு பதறாதீங்க, அது இன்னும் படமே இல்ல. படத்துக்கான சரக்கு.

அதைப் படமா மாத்துறது கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம். டாவின்சி ரிசால்வோட இலவச பதிப்புலயே இருக்கு. என்ன கேமரா, என்ன லாக்னு சரியா சொல்லுங்க, வெளியே ரெக்.709-னு கொடுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் திருத்தம் எல்லாம் இந்த டிரான்ஸ்ஃபார்முக்கு முன்னாடி இருக்குற நோடுல பண்ணுங்க. பின்னாடி பண்ணா, ஏற்கெனவே சுருக்கின துணியை மறுபடி இஸ்திரி போடுற கதைதான்.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ரிசால்வுக்குள்ளயே கோடாக் 2383-னு ஒரு லட் இருக்கும். 2383-ங்கிறது தியேட்டருக்குப் போகற பிரின்ட் ஃபிலிமோட எண். அந்த லட் தனக்குள்ள வர்றது சினியான் லாக்னு எதிர்பார்க்குது. நம்ம ஆளுங்க முதல்ல 709-க்கு மாத்திட்டு, அது மேல இதைப் போடுறாங்க. கான்ட்ராஸ்ட் ரெண்டு தடவை ஏறுது. மாப்பிள்ளை தலைமுடி ஒரே கரிக்கட்டை, முகம் செங்கல். அப்புறம் லட் சரியில்லைன்னு இன்னொரு லட் காசு கொடுத்து வாங்குறது. வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மை சினியானுக்கு மாத்துங்க, அதுக்கப்புறம் 2383. அதுவும் முழுசா போடாம பாதி அளவுக்குக் குறைச்சுப் பாருங்க.

சரி, ஃபிலிம் லுக்னா உண்மையில என்ன? எனக்கு ரெண்டு விஷயம்தான் முக்கியம். ஒண்ணு, வெளிச்சம் எப்படி முடியுதுங்கிறது. சாதாரண வீடியோவுல வெளிச்சம் சுவர்ல முட்டின மாதிரி சட்டுன்னு வெள்ளையாயிடும். ஃபிலிம்ல மெதுவா சாய்ஞ்சு போகும். ரெண்டாவது, நிறத்தோட அடர்த்தி. ஃபிலிம்ல நிறத்தை உண்டாக்குறது சாயம். சாயம் கூடக் கூட வெளிச்சம் தடைபடும், அதனால நிறம் ஆழமாகும்போது இருட்டாகவும் ஆகும். வீடியோவுல சாச்சுரேஷன் குமிழைத் திருகினா நிறம் கூடவே பளிச்சுனும் ஆகும். அரக்குக் காஞ்சிப்பட்டு பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆகறது இதனாலதான். ரிசால்வ் 19-ல வந்த கலர் ஸ்லைஸ்ல டென்சிட்டின்னு ஒரு குமிழ் இருக்கு, அதைத் தொட்டுப் பாருங்க. கிரெயின், விளக்கைச் சுத்தி லேசா சிவக்குற ஹாலேஷன் இதெல்லாம் மேல தூவுற கொத்தமல்லி. குழம்பு கொதிச்ச பிறகு பார்த்துக்கலாம்.

இந்த அடர்த்தியைப் பத்தி இவ்வளவு பேசக் காரணம் இருக்கு. நம்ம ஊர்ல கல்யாண வீடியோ கிரேட் பண்றவங்க எல்லாரும் கேட்ட வாக்கியம் ஒண்ணு: "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க." உலகத்துல வேற எங்கயாவது கலர்ங்கிற சொல்லுக்கு வெள்ளைன்னு அர்த்தம் இருக்கான்னு தெரியல. எனக்கு இதுல இருக்குற வேடிக்கை என்னன்னா, அவங்க கேக்குற மாதிரி செஞ்சா முதல்ல காணாமப் போறதே கலர்தான். 709 ஆன படத்துல காமாவைத் தூக்கி, ஆரஞ்சைக் குறைச்சு முகத்தை வெளுத்தா, மாநிறம் சாம்பல் பூத்துடும். பக்கத்துல நிக்கிற வெள்ளைப் பட்டு வேட்டியோட மடிப்பெல்லாம் மறைஞ்சு ஒரே வெள்ளை. ஃபிலிம் லுக்கு அங்கேயே செத்துப்போச்சு, அதுக்கப்புறம் எந்த லட் போட்டும் பிரயோஜனமில்ல.

ஃபிலிமும் இந்த விஷயத்துல ஒண்ணும் யோக்கியம் இல்ல, அதையும் சொல்லிடறேன். கோடாக் லேப்கள்ல பிரின்ட் நிறத்தைச் சரிபார்க்க ஷெர்லி கார்டுன்னு ஒண்ணு ரொம்ப வருஷம் இருந்தது. அதுல இருந்தது வெள்ளைத் தோல் பெண்கள். அந்த முகம் சரியா வந்தா எல்லாம் சரின்னு வெச்சுக்கிட்டாங்க. ஆனா 2016-ல வந்த 'மூன்லைட்' பாருங்க. டிஜிட்டல் கேமராவுல எடுத்த படம். கலரிஸ்ட் அலெக்ஸ் பிக்கல் மூணு பகுதிக்கும் ஃபியூஜி, அக்ஃபா, கோடாக்னு மூணு ஃபிலிமோட குணத்தைக் கொண்டுவந்தார். கறுத்த முகங்களை வெளுக்கல. கான்ட்ராஸ்ட் கூட இருக்கு, நிறம் கூட இருக்கு, முகத்துல விவரமும் இருக்கு.

நம்ம ரிசால்வுல வெக்டர்ஸ்கோப்னு ஒண்ணு இருக்கே, அதுல தோல் நிறத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பாங்க, கடிகாரத்துல 11 மணி பக்கம். வெள்ளையோ கறுப்போ, பெரும்பாலான தோல் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலதான் விழும். மாறுறது வெளிச்ச அளவு மட்டும்தான். நான் மாநிற முகத்தை வேவ்ஃபார்ம்ல 40-லிருந்து 55-க்குள்ள வெக்கிறேன். யூடியூப்ல வெளிநாட்டுக்காரர் 70-னு சொன்னா, அது அவர் ஊர் முகத்துக்கு.

ஒரு கல்யாணம். பெரியம்மா போன்லயே "கலரா"ன்னு சொல்லிட்டாங்க, பணம் கொடுக்குறதும் அவங்கதான். பொண்ணு தம்பியோட நேர்ல வந்தாங்க. தாலி கட்டுற ஷாட்டை ரெண்டு விதமா போட்டுக் காட்டினேன். ஒண்ணு பெரியம்மா கேட்ட மாதிரி, ஒண்ணு இருக்குற மாதிரி. ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதுல நான் எங்க அப்பா மாதிரி இருக்கேன். அதுல யார் மாதிரியும் இல்ல"ன்னாங்க.

பெரியம்மாவை என்ன பண்றது? அவங்க கேக்குறதுல ஒரு நியாயமும் இருந்தது. மண்டபத்துல பின்னாடி எல்.இ.டி. சுவர் எரிஞ்சுது, முகம் உண்மையிலேயே இருட்டுதான். டிரான்ஸ்ஃபார்முக்கு முன்னாடி, லாக்லயே, முகத்துக்கு மட்டும் ஓரம் நல்லா மென்மையா ஒரு வட்டம் போட்டு, அரை ஸ்டாப் எக்ஸ்போஷர் கூட்டினேன். மண்டபத்துல இன்னொரு விளக்கு இருந்திருந்தா எப்படி இருக்குமோ அப்படி. நிறம் நகரல, மஞ்சள் பூசின தங்கம் அப்படியே இருந்தது. பெரியம்மா "பளிச்சுனு இருக்கு"ன்னாங்க. கலர்ங்கிற சொல் அதுக்கப்புறம் வரல.

இதை ஷூட்லயே பார்த்துட்டா இன்னும் நல்லது. கறுத்த தோல் அழகாகறது பக்கவாட்டுல வர்ற பெரிய மென்மையான வெளிச்சம் கன்னத்துல மினுங்கும்போது. கேமரா மேல மாட்டின சின்ன எல்.இ.டி. அதை நெத்தியில ஒரு புள்ளியாக்கிடும். எஸ்-லாக்3-ல முகத்துக்குப் பார்த்து ஒரு ஸ்டாப் கூடவே எக்ஸ்போஸ் பண்ணுங்க. நிழல்ல நாய்ஸ் குறையும், பின்னாடி இறக்கிக்கலாம். உங்க கேமரா 8 பிட்தான்னா லாக்கே வேண்டாம்: 256 படியை வெச்சு இழுத்தா கன்னத்துல பட்டை பட்டையா விழும். 10 பிட்டுக்கு 1024 படி.

இன்னொண்ணு. முடிச்ச பிறகு வீடியோவை ஒரு தடவை பெரியம்மா கையில இருக்குற மாதிரி போன்ல பாருங்க, பிரைட்னஸ் பாதியில வெச்சு. பெரும்பாலானவங்க பார்க்கப்போறது அதுலதான். கிரெயின், ஹாலேஷன் பத்தி அடுத்த எபிசோடுல பேசலாம்.