பொதுமொழியும் வீட்டுமொழியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உலக மக்கள் தம்முள் கலந்து பேச ஒரு பொதுமொழி வேண்டுமெனின், அஃது ஆங்கிலமா, எஸ்பராந்தோவா? இவ்வினாவை ஆராய நம் மட்டாஞ்சேரியினும் தக்க இடம் அரிது. ஒரு நாழிகை நடந்தால் மலையாளம், கொங்கணி, குசராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் செவியில் விழும் ஊரன்றோ இது!

எஸ்பராந்தோவின் கதையும் இத்தகையதோர் ஊரிலேயே தொடங்குகிறது. அதனைப் படைத்த சாமன்ஹோப், இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்டாக் நகரில் 1859இல் பிறந்தவர். அங்கே போலியரும் உருசியரும் செருமானியரும் யூதரும் வெவ்வேறு மொழி பேசி, ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்தனர். அது கண்டு வருந்திய சிறுவர், வளர்ந்து கண் மருத்துவரானார். 1887இல் வார்சாவில் தம் புதுமொழியை நூலாக வெளியிட்டார். அதன் இலக்கணம் 16 விதிகளுள் அடங்கும். 'போனா' என்றால் நல்லது. முன்னே 'மால்' சேர்த்து 'மால்போனா' என்றால் தீயது. ஒட்டுகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று.

எளிமையினும் பெரிது அதன் நடுவுநிலை. ஆங்கிலேயர் பிள்ளை தொட்டிலிலே பெறுவதை நம் பிள்ளை பத்தாண்டு உழைத்துப் பெறுகிறது. எஸ்பராந்தோவிலோ எல்லோரும் சுங்கம் செலுத்தியே நுழைய வேண்டும். எனினும் அதன் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளினின்று எடுத்தவை. ஆதலின் நமக்கும் சீனர்க்கும் அச்சுங்கம் சற்றே மிகுதி என்பதை மறைத்தலாகாது.

இத்துணை நலமுடைய மொழி உலகை ஏன் வெல்லவில்லை? 1920களில் சர்வதேச சங்கத்தில் அதன் பேச்சு எழுந்தபோது, பிரான்சு தடுத்து நின்றது. 1954இல் மாண்டிவிடியோவில் கூடிய யுனெஸ்கோ மாநாடு அதன் பணியை மதித்துத் தீர்மானம் இயற்றியது. நம் நாட்டு மொழியியலறிஞர் புரபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பராந்தோ சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். மதிப்பு வந்தது, கடைத்தெருவுக்கு மட்டும் அம்மொழி வரவில்லை.

காரணத்தை நம் ஊர் வரலாறே காட்டுகிறது. 1500இல் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தனர். மிளகு வாணிகத்தோடு அவர்தம் மொழியும் இக்கரையில் பரவிற்று. 1663இல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். ஆனால் அம்மொழியைப் பெயர்க்க அவர்களால் இயலவில்லை. டச்சு ஆளுநர் வான் ரீடு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' என்னும் மூலிகைப் பெருநூலைத் தொகுத்தபோது, இட்டி அச்சுதன் வைத்தியர் மலையாளத்தில் கூறியது போர்ச்சுகீசியமாகி, டச்சாகி, இலத்தீனாகியே அச்சேறிற்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகள் வெளிவந்தன. அன்று அறிஞர் அனைவர்க்கும் பொதுவாயிருந்த இலத்தீனை இன்று படிப்பவர் எத்தனை பேர்? மலையாளத்தில் பிறந்த அவ்வறிவை அறிஞர் கே. எஸ். மணிலால் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் பெயர்த்துத் தரவேண்டியதாயிற்று. கொச்சிப் போர்ச்சுகீசியக் கலப்புமொழியைத் தாய்மொழியாகப் பேசியவருள் கடைசியானவர் எனக் கருதப்பட்ட முதியவரும் 2010இல் வைப்பினில் மறைந்தார்.

பொதுமொழிக்கு உயிர் தருவது இலக்கணம் மட்டுமன்று. கடையும் கப்பலுமே எனக் காண்கிறோம். இன்று அவ்விடத்தில் ஆங்கிலம் இருக்கிறது. கப்பலோட்டிகள் பிழையின்றிப் பேசுதற்கென வரையறுத்த எளிய ஆங்கிலத் தொடர்களைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றது. ஆகவே ஆங்கிலத்தை நம் மக்கள் நன்கு கற்கட்டும். ஆனால் சந்தை மாறினால் சந்தைமொழியும் மாறும் என்பதை மறவாதிருப்போம்.

மாறாது காக்க வேண்டியது வீட்டுமொழி. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் மலையாளமும் செவ்வனே பயில்கின்றனர், மகிழ்கிறோம். தமிழும் பேசுகின்றனர். ஆனால் ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைப் படிக்க நம் கையில் அன்றோ நீட்டுகின்றனர்! குற்றம் அவர்களுடையதன்று. மழலை 'குட்மார்னிங்' என்றபோது ஊரைக் கூட்டி மகிழ்ந்து, 'வணக்கம்' என்றபோது வாளாவிருந்தவர்கள் நாமே.

எஸ்பராந்தோ கற்பிக்கும் நீதியையும் உடன் கொள்வோம். நம் மொழியைப் பிறர்மேல் சுமத்தோம். கொங்கணி அண்டைவீட்டாரோடு மலையாளத்திலே கலந்து வாழ்வோம். வீட்டிலோ, இன்றிரவு முதல் நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளைகளை அருகிருத்தித் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம். அடுத்த ஆண்டு விழாவில் வரவேற்பிதழைப் பெரியவர் எவரும் படிக்க வேண்டா. நம் குழந்தை ஒன்று எழுந்து தானே படிக்கட்டும்!

வாழ்க தமிழ்!