கரையில் இறங்குவதா, கப்பலில் இருப்பதா?

கடற் பிரயாணம் என்பது முன்னாளில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காகச் செய்யப்பட்டது. இக்காலத்திலோ போய்ச் சேரவேண்டிய ஊர் எதுவுமில்லாமலே கப்பலேறுவோர் பலர். புறப்பட்ட துறைமுகத்துக்கே நாலைந்து நாட்களில், அல்லது ஒரு வாரத்தில், திரும்பி வந்து சேர்வதற்காக அவர்கள் பணங் கொடுக்கிறார்கள். இவர்களை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல்கள் இடையிலே சில துறைகளில் ஒவ்வொரு பகல் தங்கிச் செல்வது வழக்கம். அத்துறைகளுள் ஒன்று பெரும்பாலும் ஊருமன்று, துறைமுகப் பட்டினமுமன்று. கப்பற் கம்பனி தனக்கென விலைக்கு வாங்கிய, அல்லது குத்தகைக்கு எடுத்த, ஒரு கடற்கரை அது. கப்பல் அங்கே காலையில் நிற்கும், மாலையில் புறப்படும். கரையில் இறங்குவதா, கப்பலிலேயே இருந்துவிடுவதா என்பதைப் பிரயாணி ஒவ்வொருவரும் தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பார்வைக்கு இது மிகச் சிறிய விஷயம். ஆயினும் 2010ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இச்சிறிய வினா ஆயிரக்கணக்கான பிரயாணிகளின் மனச்சாட்சியைத் தொட்ட வினாவாக மாறியது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இத்தகைய தனிக் கடற்கரைகள் எவ்வாறு தோன்றின என்பதை முதலிற் பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்குத் தென்கிழக்கே பஹாமாஸ் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதிலே ஏறத்தாழ 700 தீவுகள் உள. மக்கள் வாழ்பவை அவற்றுள் முப்பது அளவிலேயே. எஞ்சியவை மணலும் பவளப் பாறையும் பற்றைக் காடுமாய்க் கிடந்தவை. 1977இல் நோர்வீஜியன் கப்பற் கம்பனி கிரேட் ஸ்ரிரப் கே என்ற தீவை வாங்கித் தன் பிரயாணிகளை அங்கே இறக்கத் தொடங்கியது. ஹொலண்ட் அமெரிக்கா என்னும் கம்பனி 1996இல் லிற்றில் சான் சல்வடோர் என்ற தீவை வாங்கி, அதற்கு அரைமதித் தீவு எனப் பொருள்படும் புதுப்பெயர் சூட்டியது. டிஸ்னிக் கம்பனியும் கோர்டா கே என்ற தீவைக் குத்தகைக்கு எடுத்து, அதற்கு வேறு பெயர் வைத்து, 1998இல் தன் பிரயாணிகளை அங்கே இறக்கத் தொடங்கியது. தீவு கைமாறியவுடன் அதன் பெயரும் மாறிவிடுவது கவனித்தற்குரியது.

கம்பனிகளுக்கு இதனால் வரும் இலாபம் பலவகைப்பட்டது. மயாமி போன்ற துறைமுகங்களிலிருந்து இத்தீவுகள் ஓரிரவு ஓட்டத் தூரத்திலேயே உள்ளமையால் எரிபொருட் செலவு குறைகிறது. மேலும், 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று அந்நியக் கொடி பறக்கும் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. அமெரிக்கத் துறையிற் புறப்பட்டு அங்கேயே திரும்பிவரும் கப்பல் இடையில் ஓர் அந்நிய நாட்டுத் துறையையேனும் தொட்டு வரவேண்டும். பஹாமாஸ் தனி நாடாதலால் அதன் தீவொன்றில் நின்றாலே அந்நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. எல்லாவற்றிலும் பெரிய இலாபம் வேறொன்று. உண்மையான ஒரு பட்டினத்தில் இறங்கும் பிரயாணி அவ்வூர் வாடகைக் காரில் ஏறுவான். அவ்வூர்க் கடையில் உண்பான். அவ்வூர்ச் சந்தையில் ஏதேனும் வாங்குவான். கம்பனியின் தீவிலோ, நிழற்குடை வாடகையும் குளிர்பானத்தின் விலையும் பெரும்பாலும் கம்பனியின் பெட்டிக்கே போய்ச் சேருகின்றன.

இத்தகைய ஆளில்லாத் தீவொன்றிலே இறங்குவதா, விடுவதா என்பது பெரிதும் அவரவர் வசதியைப் பொறுத்தது. துறைமேடை கட்டிய தீவானால் நடந்தே இறங்கலாம். மேடையில்லாத தீவானால் கப்பல் தூரத்தே நிற்க, சிறு படகிலேறிக் கரை சேரவேண்டும். அலை எழுந்து படகு ஆடும்போது முதியோருக்கும் முழங்கால் நோவுடையோருக்கும் அது இலேசான காரியமன்று. காற்று மிகுந்தால் அன்றைய இறக்கமே கைவிடப்படுவதும் உண்டு. மதிய உணவைப் பெரும்பாலும் கப்பற்காரரே கரைக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறார்களாதலால் பசிக்குப் பயமில்லை, வெயிலுக்குத்தான் பயப்படவேண்டும். கப்பலிலே தங்குபவருக்கும் ஒரு சுகம் உண்டு. மூவாயிரம் பேர் நிறைந்திருந்த கப்பல் அன்று பகல் ஓய்ந்து கிடக்கும். நீச்சற் குளத்தருகே நாற்காலி கிடைக்கும். ஒரு புத்தகத்தை அமைதியாக வாசிக்கலாம். ஆகவே எதைத் தெரிந்தாலும் குற்றமில்லை.

ஆனால் எல்லாத் தனிக் கடற்கரைகளும் ஆளில்லாத் தீவுகளல்ல. அவற்றுள் வேறுபட்ட ஒன்றுதான் லபடீ.

லபடீ ஒரு தீவன்று. விளம்பரங்களிற் சில வேளைகளில் தீவென்றே அது குறிக்கப்பட்டதாயினும், உண்மையில் ஹெயிட்டி நாட்டின் வடகரையிலே, கப்-ஹெயிசியன் என்ற நகருக்கு அண்மையில், கடலுள் நீண்டு கிடக்கும் நிலமுனை அது. ரோயல் கரிபியன் கப்பற் கம்பனி அதனைக் குத்தகைக்கு எடுத்து, 1986ஆம் ஆண்டு முதல் தன் பிரயாணிகளை அங்கே இறக்கி வந்தது. நிலப்புறமாக வேலியும் காவலும் உண்டு. பிரயாணி வேலியைத் தாண்டி ஊருக்குள் போவதில்லை. ஊரவரும் அநுமதியின்றி உள்ளே வருவதில்லை. ஆயினும் அங்கு ஊரவர் சில நூறு பேருக்குத் தொழில் கிடைத்தது. மரச் சிற்பங்களும் ஓவியங்களும் விற்போர் வேலிக்குள்ளே கடை வைக்க இடமளிக்கப்பட்டனர். பிரயாணி ஒருவருக்கு இத்தனை டொலர் எனக் கணக்கிட்டு ஹெயிட்டி அரசுக்கும் கம்பனி பணஞ் செலுத்தியது.

அந்த வேலிக்கு அப்பால் இருந்த நாடு சாதாரணமான நாடன்று. 1492ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே கொலம்பசின் பெரிய கப்பல் தரைதட்டியது அந்த வடகரையிலேதான். 1791இல் கரும்புத் தோட்டங்களின் அடிமைகள் திரண்டெழுந்ததும் அந்த வடக்குச் சமவெளியிலேதான். பிரெஞ்சுப் படைகளை வென்று 1804இல் அவர்கள் தமக்கென ஒரு சுதந்திர நாட்டையே நிறுவினர். இத்தகைய மண்ணிலே காலூன்றி நிற்கிறோம் என்பதை அறியாமலே, கடலிற் குளித்து உடல் துடைத்துக்கொண்டு கப்பலேறிய பிரயாணிகள் எத்தனையோ பேர்.

2010 சனவரி 12ஆந் திகதி மாலை ஹெயிட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நகருக்கு அருகே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதன் அளவு 7.0. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசாங்க மாளிகையே இடிந்து வீழ்ந்தது. லபடீ தலைநகரிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தமையால் அங்கே சேதமில்லை. மூன்று நாட்கள் கழிந்தன. 15ஆந் திகதி உல்லாசக் கப்பலொன்று வழக்கம்போல் லபடீயில் வந்து நின்றது.

நேயர்களே, அந்தக் கப்பலின் மேற்றளத்திலே நிற்கும் ஒரு பிரயாணியாக உங்களை எண்ணிப் பாருங்கள். எதிரே நீலக் கடல், வெண்மணல், தென்னை மரங்கள். அதே நாட்டில் அதே வேளையில் இடிபாடுகளுக்குள்ளே உயிரோடு புதையுண்டவர்களை மக்கள் வெறுங்கைகளாலே தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்கிக் குளிப்பதா? இறைச்சி வாட்டி உண்பதா?

பிரயாணிகள் இரண்டுபட்டனர். பிணங்கள் அடக்கஞ் செய்யப்படாமற் கிடக்கும் நாட்டிலே விருந்துண்ண மனம் ஒப்பவில்லை என்று சொல்லிச் சிலர் கப்பலிலேயே தங்கிவிட்டனர். நாம் போகாதுவிட்டால் அங்கே தொழில் செய்வோரின் பிழைப்பும் கெடும், ஆதலால் போவதே உதவி என்றனர் வேறு சிலர். கம்பனியும் தன் பக்கத்து நியாயத்தைக் கூறியது. கப்பல்களிலே அரிசி, அவரை, பால்மா, குடிநீர் முதலியன ஏற்றிவரப்பட்டு லபடீயில் இறக்கப்பட்டன. அத்துறையிற் கிடைக்கும் வருமானம் நிவாரணத்துக்கே கொடுக்கப்படும் என்றும், கப்பல்கள் வருவதை ஹெயிட்டி அரசும் விரும்பியது என்றும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் பல நாட்டுப் பத்திரிகைகள் இதனைக் கண்டித்தெழுதின.

இவ்விரு கட்சிகளுள் எது சரி? நமது ஊர் வழக்கம் ஒன்றை நினைவுகூர்ந்தால் இதற்கு ஒரு வழி தெரியலாம் என நினைக்கிறேன். அயலிலே ஒரு செத்த வீடு என்றால் நாம் மேளங் கொட்டுவதில்லை. நாள் வைத்த கொண்டாட்டத்தையுங்கூடத் தள்ளி வைத்துவிடுவோம். இது வழக்கத்தின் ஒரு பாதி. மறு பாதியும் ஒன்று உண்டு. கலியாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்பார்கள். அயலவர்தாம் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். துக்கத்துக்கு மரியாதை செய்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே இருப்பவனை ஊர் மெச்சுவதில்லை. கப்பலில் தங்கியவர்கள் முதற் பாதியைக் காத்தார்கள். இறங்கியவர்கள் மறு பாதியைக் காத்தார்களா என்பது அவர்கள் இறங்கி என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கப்பலில் தங்கியவரின் கூச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் அன்று பகல் அவர் செலவழித்த காசு எங்கே போயிற்று? கப்பலிலுள்ள பானக்கடைக்கே போயிற்று. கரையிலே தன் மரச் சிற்பங்களைப் பரப்பி வைத்துக் காத்திருந்த மனிதனுக்கு அவருடைய கூச்சத்தால் ஒரு சதமும் கிடைத்திராது. அம்மனிதனுக்குத் தலைநகரிலே ஒரு சகோதரியோ மாமனோ இருந்திருக்கலாம். அவர்களுக்கு அனுப்ப அன்று அவனுக்குப் பணம் வேண்டியிருந்திருக்கும்.

எனவே, அன்று இறங்குவதே தக்கது என்பது என் அபிப்பிராயம். ஆனால் எல்லா நாளும் போல இறங்குவதன்று. இது ஹெயிட்டி என்று அறிந்து இறங்கவேண்டும். கம்பனியின் கடையைக் கடந்து, ஊரவர் கடையிலே வாங்கவேண்டும். ஒரு டொலரைக் குறைப்பதற்காக அரைமணி நேரம் பேரம் பேசலாகாது. ஆட்டபாட்டங்களை அன்று ஒதுக்கிவைக்க வேண்டும். இறங்கியதையே தருமமாக எண்ணித் திருப்திப்படாமல், நிவாரண நிதிக்குத் தனியாகவும் கொடுக்கவேண்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். இப்படிச் சொல்வது கப்பற் கம்பனிக்கே வாய்ப்பாக முடியாதா? வேலி போட்டு ஒரு நாட்டின் அழகான கரையைப் பிரித்து வைத்திருப்பதை நாமே ஒப்புக்கொள்வதாகாதா? இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வேலி பூகம்பத்தன்று போடப்பட்டதன்று. அது சரியா தவறா என்ற கேள்வி, பூகம்பமில்லாத நாளிலும் கேட்கப்படவேண்டியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கேள்வியைக் கேளாதிருந்துவிட்டு, துயரம் வந்த நாளில் மட்டும் ஒரு பகல் கப்பலில் தங்குவதால் வேலி அசையப் போவதில்லை.

வேலி தரும் பாதுகாப்பும் நிலையானதன்று. 2016 சனவரியில் ஹெயிட்டியின் அரசியற் குழப்பத்தின்போது கிளர்ச்சிக்காரர் சிலர் படகுகளில் வந்து மறித்தமையால், ஒரு கப்பல் பிரயாணிகளை இறக்காமலே திரும்பியது. பின்னர் ஆயுதக் கும்பல்களின் வன்முறை நாட்டிற் பெருகியமையால் 2024இலும் 2025இலும் கம்பனி தன் கப்பல்களை லபடீக்கு அனுப்புவதை நிறுத்திவைத்தது. கப்பல் வந்த காலத்திலே ஊரவருக்குக் கிடைத்தது சிறிதேயாயினும், வராத காலத்தில் அந்தச் சிறிதும் இல்லை. ஒரேயொரு கம்பனியின் கப்பலை நம்பி வாழும் கரையின் நிலை இதுதான்.

இந்த விஷயம் நமக்குத் தூரத்து விஷயமுமன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கரைகளை அழித்த பின்னர், இலங்கைக்கு வருவதா விடுவதா என்று வெளிநாட்டார் பலர் இதேபோலத் தயங்கினர். துக்க வீட்டுக்கு உல்லாசமாகப் போவதா என்பது அவர்களுடைய கூச்சம். அவர்கள் வராதிருந்தால் பிழைப்பில்லையே என்பது விடுதிகளில் வேலை செய்தோரின் ஏக்கம். அதே காலத்தில், தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடுகளைத் திரும்பக் கட்டலாகாது என்று விதிக்கப்பட்டது. உல்லாச விடுதிகளுக்கோ அந்த விதியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. மீனவர் அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். பின்னர் அந்த எல்லைகள் தளர்த்தப்பட்டன. விருந்தாளி வரவேண்டும் என்று விரும்பிய அதே கரையில், அக்கரை யாருக்கு உரியது என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்திருக்க நம்மவர்க்குத் தெரியும்.

ஆகவே, உங்களில் எவரேனும், அல்லது கடல் கடந்து வாழும் உங்கள் பிள்ளைகளில் எவரேனும், இப்படியொரு கப்பலில் ஏறினால், தனிக் கடற்கரை வந்ததும் படகுக்கு வரிசையில் நிற்குமுன் மூன்று விஷயங்களை விசாரிக்கட்டும். இது எந்த நாட்டின் நிலம்? அதன் பழைய பெயர் என்ன? இங்கே நாம் செலவிடும் காசு யார் கைக்குப் போகிறது? ஆளில்லாத் தீவாயின் வெயிலையும் முழங்காலையும் பார்த்துத் தீர்மானிக்கலாம். வேலிக்கு அப்பால் ஓர் ஊர் இருக்குமாயின், அந்த ஊரை எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.