குளிர்சாதனமும் மின் தேவையும்

2024ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இந்தியாவின் மின் தேவை 250 கிகாவாட் அளவை எட்டியது. அதற்கு முன் நாடு கண்டிராத அளவு அது. வெப்ப அலை வீசிய அந்நாட்களில் தேவையை உயர்த்தியவற்றுள் குளிர்சாதனப் பொறிகளின் பங்கு பெரிது. பகல் தேவையை ஈடுசெய்யக் கதிரவன் ஒளி மின்சாரம் துணை நிற்கிறது; இடர்ப்பாடு அந்தி சாய்ந்த பின்னரே தொடங்குகிறது. அச்சில மணி நேரத்திற்கென்றே புதிய மின் நிலையம் அமைப்பது, ஆண்டின் பெரும்பகுதி முதலீட்டை முடக்கி வைப்பதாகும்.

இங்குதான் கட்டடங்கள் கைகொடுக்கக்கூடும். தடித்த சுவரும் கான்கிரீட் தளமும் குளிர்ச்சியைத் தேக்கி வைப்பவை. பிற்பகலில் சற்று மிகுதியாகக் குளிர்வித்துவிட்டு, மாலையில் பொறியின் வேகத்தைத் தளர்த்தினால் அறை வெப்பம் மெல்லவே ஏறும். 2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு விலைவழி ஊக்கமும் அளித்துள்ளன: கதிரவன் ஒளி நேரக் கட்டணம் இயல்புக் கட்டணத்தினும் குறைந்தது 20 விழுக்காடு தாழ்வு, வணிக, தொழில் நுகர்வோர்க்கு உச்ச நேரக் கட்டணம் குறைந்தது 1.2 மடங்கு. (அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் அதற்குள் பூட்டப்பட்டுவிடுவதால் அவற்றின் பங்கு சிறிதே.) குளிர்காலக் காலைகளில் மின் கணப்புகளால் எழும் தேவைக்கும் இம்முறை ஓரளவு பொருந்தும்.

ஆயின், குறைக்கப்படும் ஒவ்வொரு யூனிட்டும் யாருடைய வசதியிலிருந்து எடுக்கப்படுகிறது? அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் அகமதாபாத், பெங்களூர், சென்னை, தில்லி, சிம்லா நகரங்களின் அலுவலகங்களில் ஆய்ந்து வகுத்த வசதி அளவை 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதன்படி, இயற்கைக் காற்றோட்டமுள்ள அலுவலகத்தில் வெளி வெப்பச் சராசரி 1 டிகிரி ஏறினால் மக்கள் ஏற்கும் உள் வெப்பம் 0.54 டிகிரி ஏறுகிறது. இயற்கைக் காற்றும் குளிர்சாதனமும் மாறி மாறிப் பயன்படும் கட்டடத்தில் 0.28 டிகிரியே. சன்னலைத் திறக்கவும் விசிறியைச் சுழற்றவும் உரிமையுள்ளவர் மிகுதியும் இணங்கிப்போகிறார். கண்ணாடிச் சுவருக்குள் அடைபட்டவர்க்கு அவ்வுரிமை இல்லை.

மேலும், வெப்பமானி எல்லாவற்றையும் காட்டிவிடாது. தில்லியின் வறண்ட மே மாதத்தில் விசிறியுடன் 27 டிகிரி பொறுக்கத்தக்கது. ஆகஸ்டில் அதே 27 டிகிரி புழுங்க வைக்கும். தளர்ந்து ஓடும் பொறி காற்றின் ஈரத்தைப் போதிய அளவு நீக்காததே காரணம். இதனினும் தீங்கானது, வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிடுவது. சூடான, ஈரமான வெளிக்காற்றைக் குளிர்விக்கும் செலவு உடனே மிஞ்சுவதால் நிர்வாகத்தினரை எளிதில் கவரும் வழி இது. உள்ளே கரியமில வாயு கூடுகிறது, தலை கனக்கிறது, 2020இன் தொற்று நாட்களில் அடைத்த அறையின் ஆபத்தை நாடே அறிந்தது. மின்மானியிலோ அது சிக்கனமாகவே பதிவாகும்.

குருகிராமத்தில் இரவுப் பணி நடைபெறும் அலுவலகங்களை எடுத்துக்கொண்டால், மாலைத் தளர்வின் சுமை மேற்குக் கண்ணாடியை ஒட்டி அமர்ந்திருப்போர் மீதே முதலில் விழும். நடுக்கூடத்தில் மாட்டிய உணர்கருவி அதனை அறியாது. ஆதலின், மின் பகிர்மான நிறுவனமும் கட்டட உரிமையாளரும் செய்துகொள்ளும் உடன்பாட்டில், குறைக்க வேண்டிய கிலோவாட்டுடன், அந்த இருக்கைகளில் அளந்த வெப்பமும் ஈரப்பதமும், குறைக்கலாகாத வெளிக்காற்றின் அளவும் எழுதப்படல் வேண்டும்.