பாடப்பிரிவையும் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரே பேச்சுதான்: எந்தக் கல்லூரி? எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிக்கப் போகிற பிள்ளைக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: அங்கே அந்தப் பாடப்பிரிவு எப்படி?

ஓர் ஓட்டலில் இட்லி பிரமாதமாக இருக்கும். அதற்காகப் பரோட்டாவும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியுமா? கல்லூரியும் அப்படித்தான்.

தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான 'நாக்', கல்லூரி முழுவதையும் மதிப்பிடுகிறது. 'என்பிஏ' என்ற அமைப்போ ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஆகவே, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் உண்டா, அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஆசிலாஸ்கோப்பை மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா? சாலிடரிங் அயர்ன் அவர்கள் கையில் இருக்கிறதா? அங்கே படிக்கிற மாணவரிடமே கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ், கையால் செய்து பழக வேண்டிய படிப்பு.

கல்லூரியின் பெயரைப் பாருங்கள். பாடப்பிரிவையும் பாருங்கள். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்வதற்கு முன்பே பாருங்கள். படிக்கப் போவது நான்கு வருடம். அதற்காக ஒரு நாள் நேரில் போய் விசாரிப்பது வீண்போகாது.