எபிசோட்: காருகுறிச்சியும் ஒரு டெனர் சாக்ஸும்

இந்த எபிசோடை மணிமுத்தாறுல, எங்க தாத்தா வீட்டு மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். எதிர்ல மலை, பக்கத்துல அணை. நடுவுல மயில் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. எடிட் பண்ணி எடுக்கப் போறதில்ல. ஏன்னு கடைசியில சொல்றேன்.

வீட்ல இருந்து வேலை பார்த்த நாட்கள்ல ஒரு சாயங்காலம், ப்ளூடூத் ஸ்பீக்கர்ல ஸ்டான்லி டரன்டைன் போட்டிருந்தேன். 1970-ல பதிவான 'சுகர்' ஆல்பம். தாத்தா வெற்றிலை மடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம், "ஏல, இவன் யாரு? நம்ம காருகுறிச்சி மாதிரில்லா இழுக்கான்" அப்படின்னார்.

நான் சிரிச்சேன். இப்போ யோசிச்சா, அவர் சொன்னதுல நிறைய விஷயம் இருக்கு.

முதல்ல டரன்டைன் யாருன்னு பார்த்துடுவோம். 1934-ல பிட்ஸ்பர்க்ல பிறந்தவர். அப்பாவும் சாக்ஸ் வாசிச்சவர்தான். பையன் ஜாஸ் மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே லோவெல் ஃபுல்சனோட ப்ளூஸ் குழுவுல ஊர் ஊராகப் போனார். அந்தக் குழுவுல பியானோ யார் தெரியுமா? ரே சார்ல்ஸ். 1960-ல இருந்து ப்ளூ நோட் கம்பெனிக்கு வரிசையாக ஆல்பங்கள் செய்தார். எவ்வளவு நவீனமான ஆட்களோட வாசிச்சாலும், அவர் ஒரு சுரத்தைப் பிடிச்சு நிறுத்தி, கொஞ்சம் வளைச்சு, மெதுவாக விடும்போது அந்தப் பழைய ப்ளூஸ் வாசம் வந்துடும். 2000-ல காலமானார்.

இப்போ நம்ம ஆளு. இங்கேருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டினா காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். 1921-ல அங்க பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துல ஜெமினி கணேசன் வாசிக்கிற மாதிரி நடிப்பார், உள்ள ஒலிக்கிற நாதஸ்வரம் அருணாசலத்தோடது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில, எஸ்.ஜானகி குரலோட அவர் நாதஸ்வரம் போட்டி போடுற 'சிங்கார வேலனே தேவா' தெரியாத வீடு நம்ம பக்கம் கிடையாது.

இனி கொஞ்சம் டெக்னிக்கலாகப் போவோம். அந்தப் பாட்டு ஆபேரி ராகம். ஆபேரியோட ஆரோகணத்துல அஞ்சு சுரம்தான்: ச, சாதாரண காந்தாரம், ம, ப, கைசிகி நிஷாதம். கிடார் கத்துக்கிட்டவங்க இதை வாசிச்சுப் பாருங்க. மைனர் பென்டடானிக்! ப்ளூஸ் கிடார் கிளாஸ்ல முதல் வாரமே சொல்லித் தர்ற ஸ்கேல். அவரோகணம் வேற, கமகம் வேற, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தாத்தா காதுக்கு எது பிடிபட்டுச்சுன்னு எனக்கு இப்போ புரியுது.

அடுத்தது கருவி. சாக்ஸ் பித்தளை உடம்பு, ஒத்தை நாணல் சீவல், விரலுக்குக் கீழே சாவிகள். நாதஸ்வரம் ஆச்சா மரம், வாயில வைக்கிற சீவாளி ரெட்டை நாணல், சாவியே கிடையாது. துளையைப் பாதி மூடணும், உதட்டை இறுக்கணும், மூச்சைக் கூட்டிக் குறைக்கணும். ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கிற இடம்தான் விளையாட்டு மைதானமே. டரன்டைனும் உதட்டாலயும் மூச்சாலயும் அந்த நடு இடத்துக்குத்தான் போறார்.

இன்னொரு ஒற்றுமை கொஞ்சம் கசப்பானது. ப்ளூஸ் யார்கிட்ட இருந்து வந்துச்சோ, அவங்களை அந்த நாடு முன்வாசல் வழியா உள்ளே விடல. இங்க நாதஸ்வரக்காரர் இல்லாம கல்யாணம் நடக்காது, சாமி புறப்பாடு நடக்காது. ஆனா அந்தக் காலத்துல அவர் நின்னுக்கிட்டும் நடந்துக்கிட்டும்தான் வாசிக்கணும்னு இருந்துச்சு. அந்த வழக்கத்தை எதிர்த்து மேடையில உட்கார்ந்து வாசிச்சவர் ராஜரத்தினம் பிள்ளை. அந்த நிமிர்வையும் சேர்த்துத்தான் அருணாசலம் அவர்கிட்ட படிச்சிருப்பார்னு நான் நினைக்கிறேன்.

ஆனா பதிவுன்னு வரும்போது ரெண்டு பேர் கதையும் பிரியுது. டரன்டைனுக்கு நாற்பது வருஷ ஆல்பங்கள் இருக்கு. எந்த வருஷம், கூட யார் வாசிச்சாங்க, எல்லாம் அட்டையிலேயே இருக்கும். அருணாசலம் 1964-லயே போயிட்டார். அவரோட கலை விடிய விடிய ராகம் வாசிக்கிற கலை. உலகத்துக்குத் தெரிஞ்சது ஒரு சினிமா பாட்டு. மிச்சம் இசைத்தட்டுகள்லயும், வானொலிப் பதிவுகள்லயும், ரசிகர்கள் வீட்டு கேசட்டுகள்லயும் சிதறிக் கிடக்கு.

அப்படி ஒரு கேசட் எங்க வீட்லயும் இருந்துச்சு. ரேடியோவுல அவர் கச்சேரி மறுஒலிபரப்பானப்போ தாத்தா டேப் ரெக்கார்டரைப் பக்கத்துல வெச்சுப் பிடிச்சது. போன வருஷம் தாத்தா தவறினதுக்கு அப்புறம் அதை லேப்டாப்புக்கு மாத்தினேன். ஒரே இரைச்சல். இன்ஜினியர் ஆச்சே, சும்மா இருப்பேனா? நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன். பேச்சுக் குரலைப் பிரிச்சு எடுக்கிற மாடல் ஒண்ணையும் ஓட்டினேன். சுத்தமான ஃபைல் வந்துச்சு. குடும்ப குரூப்ல போட்டுட்டு, இடம் அடைக்குதுன்னு ஒரிஜினல் ஃபைலை அழிச்சுட்டேன்.

ராத்திரி ஹெட்போன்ல கேட்டா என்னமோ குறையுது. சீவாளியில காத்து உரசுற சத்தம் இல்ல. இரைச்சல்னு நினைச்சு மென்பொருள் அதையும் துடைச்சிருக்கு. அப்புறம்தான் உறைச்சுது. ஒவ்வொரு சங்கதி முடியும்போதும் தாத்தா "ஆகா"ன்னு சொல்வார். வெற்றிலைப் பெட்டி மூடுற சத்தம் கேட்கும். எல்லாத்தையும் நானே எடுத்துப் போட்டிருக்கேன்.

கேசட்டை மறுபடி ஓட்டினேன். பாதியில நாடா அறுந்துச்சு. ஒட்டி, மீட்டு, பதினோரு நிமிஷம் கிடைச்சுது. அதுல ரெண்டு "ஆகா" இருக்கு.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் இருந்தா, கோயில் கொடையோ கல்யாணக் கச்சேரியோ, முதல்ல அப்படியே மாத்துங்க. அந்த ஃபைலை ரெண்டு இடத்துல வைங்க. சுத்தம் பண்றதை நகல்ல மட்டும் பண்ணுங்க. யார் வாசிச்சது, எந்த ஊர்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க.

இன்னைக்கு வீட்டுப்பாடம்: முதல்ல 'சுகர்', உடனே 'சிங்கார வேலனே'. இதே வரிசையில கேளுங்க. தாத்தா சொன்னது சரியா தப்பான்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். மயில் நடுவுல ரெண்டு தடவை கத்துச்சு. இருக்கட்டும்.