கேரவன்ல ராத்திரி எங்க தூங்குறது? புதுச்சேரியில இருந்து கல்வராயன் மலை வரைக்கும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரு வேனை வாங்கி, உள்ள படுக்கை போட்டு, ஜோடியா ஊர் சுத்துறது நம்ம ஊர்ல செட் ஆகுமா? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான். ரீல்ஸ்ல எல்லாமே அழகா இருக்கும். நாம கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல்ல ஒரு உண்மையான ஜோடி. ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டோர்ஃப் 1989-ல ஒரு மெர்சிடிஸ் ஜி வண்டியில கிளம்பினார். கொஞ்ச நாள்லயே கிறிஸ்டினும் கூட சேர்ந்துட்டாங்க. வண்டிக்கு வெச்ச பேரு 'ஓட்டோ'. பின் சீட்டைக் கழட்டிட்டு மெத்தை போட்டாங்க, அதான் வீடு. 2010-ல கிறிஸ்டின் இறந்துட்டாங்க. 2014-ல பயணம் முடிஞ்சப்போ ஓட்டோ கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவ்வளவு தூரத்தை ஒரு மெத்தையை வெச்சே முடிச்சிருக்காங்க. அதனால வண்டி எவ்வளவு பெருசுங்கிறது பெரிய கேள்வியே இல்ல.

அப்போ எது கேள்வி? இப்படி ஒரு ஐரோப்பிய ஜோடி கேரவன்ல புதுச்சேரிக்கு வர்றாங்கன்னு வெச்சுக்குவோம். கடல் இருக்கு, பக்கத்துலயே ஆரோவில், பிரெஞ்சு பேசுற ஆளும் கிடைப்பாங்க. வெளிநாட்டு வண்டியைத் தற்காலிகமா உள்ள கொண்டு வர 'கார்னே'ன்னு ஒரு சுங்கப் புத்தகம் வேணும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வண்டியை இங்கேயே வித்துட்டுப் போகாம இருக்க அதுதான் உத்தரவாதம். சரி, பேப்பர் எல்லாம் பக்கா. பகல்ல பீச், காபி, சுத்துறதுன்னு போயிடும். பிரச்சினை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்குது.

மே மாசக் கடலோர ஊர்ல வெப்பத்தோட ஈரப்பதமும் சேர்ந்துக்கும். வேர்வை காய்ஞ்சாதான் உடம்பு குளிரும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா அது காயவே காயாது. வண்டியோ தகரப் பெட்டி. பகல் முழுக்க வாங்கின சூட்டை உள்ள இருக்குற படுக்கையும் பலகையும் ராத்திரியில மெதுவாத்தான் விடும்.

ஏசி போட்டா? சின்ன ஏசி சராசரியா 600 வாட் இழுக்குதுன்னு வைங்க. எட்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 5 யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில இருக்குறது சுமார் 1.2 யூனிட். அப்போ நாலு பேட்டரி வேணும். கூரையில 400 வாட் சோலார் வெச்சாலும் ஒரு நாளைக்கு 2 யூனிட் வந்தா பெரிய விஷயம். அதுக்கும் வண்டி வெயில்ல நிக்கணும். நிழல்ல நிறுத்தினா சோலார் இல்ல, வெயில்ல நிறுத்தினா உள்ள அடுப்பு! ஃபேன்னா 30 வாட், ராத்திரி முழுக்க ஓடினாலும் கால் யூனிட்தான். ஆனா ஜன்னலைத் திறந்து வைக்கணும். திறந்தா கொசு, சத்தம், பாதுகாப்பு பயம்.

இதுக்கெல்லாம் சுலபமான தீர்வு, மேல ஏறிடுறது. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி குறையும். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டி எங்க கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறினா கல்வராயன் மலை. ஏசி செய்ற வேலையில பெரும்பகுதியை அந்த உயரமே செஞ்சுடும்.

"அப்போ நேரா மேல போய் நிறுத்திடலாமே ப்ரோ"ன்னு கேப்பீங்க. இங்கதான் நான் கொஞ்சம் நிக்கச் சொல்றேன். ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் தண்ணின்னா, 100 லிட்டர் டேங்க் ரெண்டரை நாள் வரும். கேரவன் கழிப்பறைப் பெட்டி 20 லிட்டர்னா, ரெண்டு மூணு நாள்ல நிறைஞ்சிடும். ஐரோப்பாவுல கேரவன் நிறுத்துற பல இடங்கள்ல அதைக் கொட்டத் தனி வசதி இருக்கு. மலையில எங்க கொட்டுவாங்க? ஓடையிலயா? கோமுகி ஆறு கல்வராயன்லதான் பிறக்குது, கீழ கோமுகி அணையில சேருது. மேல கொட்டினது கீழ வயலுக்கு வந்துடும். அப்புறம் காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ராத்திரி தங்கவும் கூடாது.

ஆக ஒரு கேரவனுக்கு வேண்டியது நல்ல ரோடு, நம்பகமான தண்ணி, கழிவுக்கு வழி, ராத்திரி வெளிச்சம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி. இந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை படிங்க. மலையில இருக்குற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு வேண்டியதும் இதேதான். கேரள மலையாளிகளோட இவங்களைக் குழப்பிக்காதீங்க. 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்த மலை அது. 2024-ல கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம், இந்த மலை மக்களோட வாழ்க்கை நிலை பத்தி சென்னை உயர் நீதிமன்றமே தானா முன்வந்து வழக்கு எடுத்தது. ரெண்டு நாள் தங்குற நமக்கு ஒரு வசதி வேணும்னா, அங்கேயே பொறந்து வளர்ந்தவங்களுக்கு அது முதல்ல வேணும்.

அதுக்காக டூரிஸ்ட்டே வரக் கூடாதுன்னு நான் சொல்லல. கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவிச்சுது. வண்டி கண்ட இடத்துல நிக்காம, தண்ணி, கரண்ட், கழிவு வசதியோட பார்க்ல நிக்கணும்ங்கிறது அதோட அடிப்படை. கல்வராயன்லயும் அப்படி ஒண்ணு வரட்டும். அஞ்சு வண்டி நிக்கிற இடம் போதும். ஆனா நடத்துறது ஊர் மக்களா இருக்கணும், கட்டணம் அவங்களுக்குப் போகணும், அதுக்காகப் போடுற தண்ணிக் குழாய் ஊருக்குள்ளயும் போகணும். வெளி ஆள் நிலத்தை வாங்கி ரிசார்ட் கட்டினா, அதே மக்கள் அங்க காவலுக்குத்தான் நிப்பாங்க.

கடைசியா, வேன் வாங்கப் போறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, பழைய வேனை இஷ்டத்துக்கு மாத்தாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, ஆர்டிஓ கிட்ட முதல்ல பேசுங்க. ரெண்டு, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மே மாச ராத்திரி வாடகை வண்டியில, ஏசி இல்லாம, உங்க ஜோடியோட தூங்கிப் பாருங்க. காலையிலயும் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசினா வாங்கலாம். மூணு, மலைக்குப் போனா குப்பையையும் கழிவையும் கீழ கொண்டு வாங்க, டீயும் சாப்பாடும் ஊர்க் கடையில வாங்குங்க.

வேன்ல தூங்கின அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்த ஊரு, எந்த மாசம்னு மறக்காம சொல்லுங்க.